அழகுக்காக என்று சொன்ன மகளுக்கு

மகளே,

நான் வாயை மூடிக்கொண்டிருந்தது போதும். இதைப் படித்ததும் நீ சிரிப்பாய். உன் அப்பா எப்போது வாயை மூடினார் என்று கேட்பாய். அலுவலகத்தைப் பற்றியும் அரசாங்கத்தைப் பற்றியும் உன் பெரியப்பாவைப் பற்றியும் கிள்ளான் ரயிலின் தாமதத்தைப் பற்றியும் நான் பேசாத நாளில்லை. ஆனால் உன்னிடம் சொல்ல வேண்டிய ஒன்றை மட்டும் சொல்லாமல், அதைச் சுற்றியிருந்த எல்லாவற்றையும் பேசிக்கொண்டு இத்தனை வருடம் ஓட்டிவிட்டேன். அதுவும் மௌனத்தில் ஒரு வகைதான்.

போன ஞாயிற்றுக்கிழமை நீ அம்மாவை அழைத்தபோது நான் படுக்கையறையில் இருந்த இன்னொரு தொலைபேசியை எடுத்தேன். உன் குரல் கேட்டதும் வைத்திருக்க வேண்டும், வைக்கவில்லை. காஜாங்குக்கு அப்பால் உன் பள்ளியில் இந்த ஆண்டு உன்னைக் கட்டொழுங்கு ஆசிரியையாகப் போட்டிருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். அதற்கு நான் வாழ்த்துக்கூடச் சொல்லவில்லை, அந்தப் பதவி மீது எனக்கு இருக்கும் கசப்பை நீ அறிவாய். மூன்றாம் படிவ வகுப்பில் ஒரு பெண் விடுமுறை முடிந்து மூக்குத்தியோடு வந்திருக்கிறாள் என்று அம்மாவிடம் சொன்னாய். தலைமையாசிரியர் உன்னிடம் விதியைச் சொல்லியிருக்கிறார். சமயத்துக்காக என்றால் பெற்றோர் எழுதித் தரட்டும், விட்டுவிடலாம். அலங்காரத்துக்காக என்றால் கழற்றிவிட்டுத்தான் வகுப்புக்கு வரவேண்டும். கழற்றினால் துளை மூடிக்கொள்ளும், ஆகவே அவள் வீட்டிலேயே இருக்கிறாள். இந்த ஆண்டு அவளுக்கு அரசாங்கத் தேர்வு. லோரி ஓட்டும் அவள் தகப்பன் வேலைச் சட்டையோடு உன்னைப் பார்க்க வந்ததை நீ அப்படியே பேசிக் காட்டினாய்.

“டீச்சர், சாமி பேரச் சொல்லி எழுதணும், அவ்வளவுதானே? எழுதிடறேன். எந்தச் சாமின்னு மட்டும் நீங்க சொல்லுங்க.”

பக்கத்தில் நின்ற பெண் குனிந்த தலையோடு சொன்னாளாம், “பொய் எழுத வேணாம்பா. எனக்குப் பிடிச்சிருக்கு, அதனால போட்டிருக்கேன்.”

வரும் திங்கட்கிழமை ஆசிரியர் கூட்டம். அவளைப் பற்றி நீதான் பேச வேண்டும். “அம்மா, இதே கேள்விய என்கிட்டயும் கேட்டாங்க, ஞாபகம் இருக்கா?” என்றாய். “மறக்குமா? உங்கப்பாகிட்ட யோசனை கேளேன்” என்றாள் அம்மா. நீ சிரித்தாய். “அப்பாகிட்டயா? அஞ்சு பக்கம் எழுதி, கீழ பி.ஏ. போட்டு, நேரா ஹெட்மாஸ்டருக்கே அனுப்பிடுவாரு லா. வேணாம்மா.” அம்மாவும் சேர்ந்து சிரித்தாள். நான் சத்தமில்லாமல் தொலைபேசியை வைத்தேன்.

வெளியே வந்தபோது அம்மா மேசையில் உட்கார்ந்து பயற்றங்காய் ஒடித்துக்கொண்டிருந்தாள். என்ன கேள்வி, எப்போது கேட்டார்கள், எனக்குத் தெரிந்த கதைதானே, அதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று கேட்டேன். அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். “உங்களுக்குத் தெரிஞ்சது பாதிதான்” என்றாள். மீதிப் பாதியை அந்த மத்தியானம் சொன்னாள். பன்னிரண்டு வருடமாக நீங்கள் இருவரும் எனக்குச் சொல்லாமல் வைத்திருந்த பாதி அது. அதைக் கேட்ட பிறகுதான் இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்தேன். என் வாழ்நாளில் எழுதிய மனுக்கள் எல்லாம் முதலில் ஆங்கிலத்திலும் பிறகு மலாயிலும் எழுதியவை. தமிழில் இவ்வளவு நீளமாக எழுதுவது இதுதான் முதல் தடவை. இது மனு இல்லை என்பதால் இந்த மொழி வருகிறது என்று நினைக்கிறேன்.

எனக்குத் தெரிந்த பாதியிலிருந்து தொடங்குகிறேன். நீ இரண்டாம் படிவம் முடிக்கும் சமயம். அந்த வாரம் அலுவலகத்தில், நான் கோப்பு எழுதக் கற்றுக்கொடுத்த மலாய்ப் பையனை எனக்கு மேலதிகாரியாகப் போட்டார்கள். அவன் என் அறைக்கு வந்து கையைப் பிடித்து, “அங்கிள், மனசுல வச்சுக்காதீங்க” என்று மலாயில் சொன்னான். நான் மனதில் வைத்துக்கொண்டேன். இன்றும் இருக்கிறது. மன்னிப்பு என் உடம்போடு ஒட்டாத ஒன்று. இவரைக் கடித்த கொசுவைக்கூடப் பேர் வைத்து ஞாபகம் வைத்திருப்பார் என்று உன் அம்மா உறவினர்களிடம் சொல்வாள், அதில் பொய்யில்லை. அந்த வாரத்தில்தான் ஒருநாள் சாப்பாட்டு மேசையில் நீ, “அப்பா, அடுத்த வருஷத்துக்கு பினபோர் வேணாம். பாஜு குரோங் வாங்கிக் கொடுங்க” என்றாய்.

பள்ளி இரண்டையும் அனுமதித்திருந்தது. வெள்ளைச் சட்டைமேல் முழங்காலோடு நிற்கும் நீல பினபோர் ஒன்று, தொளதொளவென்ற வெள்ளை மேற்சட்டையும் கணுக்கால்வரை நீலப் பாவாடையும் சேர்ந்த மலாய் உடுப்பு ஒன்று. யாருக்கு எது வேண்டுமோ போடலாம். ஆனால் அந்த வாரத்தில் அதை அப்படி எடுத்துக்கொள்ள என்னால் முடியவில்லை. அலுவலகத்தில் எடுத்தது போதாதென்று வீட்டுக்குள்ளும் கைவைக்கிறார்கள் என்றுதான் எனக்குப் பட்டது. ஒரு பிரசங்கமே செய்தேன். ரயில்வே குவார்ட்டர்ஸில் என் அப்பா எப்படி வேட்டியோடு நிமிர்ந்து நடந்தார் என்பதில் ஆரம்பித்து, உடையை விட்டவன் பிறகு மொழியை விடுவான், மொழியை விட்டவன் பேரை விடுவான் என்று கொண்டுபோய் முடித்தேன். நீ தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாய். “துணிதானே, விடுங்க” என்றாள் அம்மா. “இன்னிக்குத் துணி, நாளைக்கு?” என்றேன். அம்மா எழுந்து தட்டுகளை எடுக்க ஆரம்பித்தாள். என்னை வாதத்தில் வென்றுவிட்டதாக அலுவலகத்தில் ஒருவனும் நினைக்க முடியாது. வீட்டில் நான் வென்றதெல்லாம் இப்படித்தான், எதிரில் யாரும் பேசாமல் போனதால்.

ஆனாலும் வாங்கினோம். அம்மா உன்னை தெங்கு கிளானா சாலையில் நம் வழக்கமான பாய் கடைக்கு அழைத்துப் போனபோது நானும் பின்னால் வந்து நின்றேன். பாய் துணியைப் பிரித்து மேசைமேல் வீசிவிட்டு என் முகத்தைப் பார்த்தார். “என்ன சார், துணி எடுக்க வந்தீங்களா, துக்கம் விசாரிக்க வந்தீங்களா?” என்றார். “எங்க வீட்டுப் பொண்ணு பாவாடை தாவணி கேட்டு ஒரு வாரமா அழுவுது. உங்க பொண்ணு குரோங் கேக்குது. ரெண்டும் நம்ம கடைத் துணிதான் சார். கவலைய விடுங்க. வளர்ற புள்ள, ஓரத்துல கொஞ்சம் தாராளமா மடிச்சுத் தைக்கச் சொல்லுங்க.” நீ சிரித்தாய். அந்தச் சிரிப்புக்காகவும் பாய்மீது கொஞ்ச நாள் கோபம் வைத்திருந்தேன்.

நீ ஏன் அந்த உடுப்பைக் கேட்டாய் என்பதை அம்மா போன ஞாயிற்றுக்கிழமைதான் சொன்னாள். பஸ் நிறுத்தத்தில் ஆண்பள்ளிப் பையன்கள் உன் காலைப் பார்த்து, “ஏய், இந்த வெயில்ல கம்பளி ஸ்டாக்கிங்கா?” என்று கேட்பார்களாம். மயிர் அடர்ந்த கால். அது என் குடும்பத்து வாகு, என் அக்காமார் எல்லோருக்கும் உண்டு. நீ பயற்றமாவையும் கஸ்தூரி மஞ்சளையும் போட்டுத் தேய்த்துத் தேய்த்துத் தோல் சிவந்துபோய், காலை பஸ்ஸுக்குப் போகாமல் அடுத்த பஸ்ஸில் போய், தாமதமாக வந்ததற்குப் பெயர் எழுதப்பட்டு, கடைசியில் கணுக்கால்வரை மூடும் ஓர் உடுப்பு பள்ளியிலேயே அனுமதிக்கப்பட்டிருக்கிறது என்று கண்டுபிடித்திருக்கிறாய். நான் மூன்று கெஜத் துணியில் நாட்டின் கொள்கைகள் முழுவதையும் படித்துவிட்டேன், அதற்குள் பதினான்கு வயதுப் பெண் ஒருத்தியின் கால் இருந்ததை மட்டும் பார்க்கவில்லை. இதை ஒரு அப்பாவிடம் எந்தப் பெண்தான் சொல்லுவாள்? என் பிரசங்கத்தை முழுக்கக் கேட்டு, வாய் திறக்காமல், ஆனால் உடுப்பையும் விட்டுக்கொடுக்காமல் இருந்தாய். அந்தப் பிடிவாதத்துக்கு முதல் நன்றி. நம் வீட்டில் நன்றி என்ற சொல்லை யாரும் யாருக்கும் சொல்லிப் பழக்கமில்லை, அதனால் எழுதும்போது கை கொஞ்சம் தடுக்கிறது. பொறுத்துக்கொள்.

பாஜு குரோங் போட்டுக்கொண்டு போன முதல் நாள் நீ நெற்றியில் பொட்டும் வைத்திருந்தாய். பாவாடைக்கு ஏற்ற நீல ஸ்டிக்கர் பொட்டு. நான் பின்வாசலில் நின்று பார்த்துவிட்டு, சரி, இதையாவது விடவில்லை என்று மனதுக்குள் ஆறுதல்பட்டேன். ஆனால் ஜமிலா டீச்சர் உன்னைப் பள்ளி வாசலில் நிறுத்தினார். பெயர்களை மாற்றித்தான் எழுதுகிறேன், அவரை நீ அடையாளம் கண்டுகொள்வாய். கட்டொழுங்கு ஆசிரியை. அந்தப் பள்ளியில் தலையை மூடும் துடோங் அணிந்து வந்த முதல் ஆசிரியைகளில் ஒருவர். அது எனக்கு அவர்மேல் நல்ல எண்ணம் எதையும் உண்டாக்கவில்லை. அவர் உன்னிடமும், உன்னோடு வந்த உன் தோழியிடமும், அவளை ஸ்டெல்லா என்று வைத்துக்கொள்கிறேன், ஒரே கேள்வியைத்தான் கேட்டிருக்கிறார். இந்தப் பொட்டு சமயத்துக்கா, அழகுக்கா? பவுடர், உதட்டுச்சாயம், நகப்பூச்சு எல்லாம் விதிப்படி தடை. சமயம் என்றால் தடையில்லை. நீ சொன்ன பதில், “அழகுக்குத்தான், டீச்சர்.” ஸ்டெல்லாவும் அதையே சொன்னாள். அப்படியானால் நாளை வேண்டாம் என்று சொல்லி, புத்தகப்பையில் நீ வைத்திருந்த ஸ்டிக்கர் அட்டையை வாங்கிக்கொண்டார்.

அன்று மாலை நடந்ததை நீ மறந்திருக்க மாட்டாய். நான் சட்டையைக்கூடக் கழற்றவில்லை.

“சமயத்துக்குன்னு சொன்னா என்ன?”

“சமயத்துக்கு வைக்கலயேப்பா.”

“ஒரு வார்த்தை. விட்டிருப்பாங்க.”

“ஸ்டிக்கர் பொட்டுப்பா. நீலக் கலர். எந்தச் சாமி நீலக் கலர்ல பொட்டு கேட்டுச்சு?”

“கிருஷ்ணர் நீலந்தானே” என்றாள் அம்மா அடுப்படியிலிருந்து. நீங்கள் இருவரும் சிரித்தீர்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. உனக்குச் சொல்லாத ஒன்று உண்டு, இப்போது சொல்கிறேன். பிரிக்பீல்ட்ஸில் நான் படித்த பள்ளியில் ஒரு வாத்தியார் இருந்தார். தமிழர், கிறிஸ்தவர். காலையில் என் அம்மா பூசி அனுப்பிய திருநீற்றைப் பார்த்து, “ஏண்டா, முகத்துல சுண்ணாம்பா?” என்று கேட்டு, கரும்பலகை துடைக்கும் துணிக்கட்டையால் என் நெற்றியைத் துடைத்தார். வகுப்பு முழுவதும் சிரித்தது. திருநீறு போய், நெற்றியில் சோக்குத்தூள்தான் மிஞ்சியது. அந்த வெள்ளையோடு நாள் முழுக்க உட்கார்ந்திருந்தேன். வீட்டுக்கு வந்ததும், திருநீறு கலையாமலே இருக்கிறதே என்று என் அம்மா சந்தோஷப்பட்டாள். அந்த வாத்தியார் செத்து வெகு காலமாகிறது. அவரையும் நான் மன்னிக்கவில்லை, இனி மன்னிக்கப் போவதுமில்லை. இதை எழுதுவதால் நான் நல்லவனாகிவிட்டேன் என்று நினைத்துவிடாதே.

ஆகவே மனு எழுதினேன். ஐந்து பக்கம். புருவமத்தி என்பது என்ன, பொட்டின் தத்துவம் என்ன, நாட்டின் சட்டம் சமய உரிமையைப் பற்றி என்ன சொல்கிறது என்று ஒரு குறையும் வைக்கவில்லை. கீழே முழுப்பெயர், பி.ஏ., பதவி. தலைமையாசிரியைக்கு ஒன்று, கல்வி அதிகாரிக்கு ஒன்று, பெற்றோர் சங்கத்துக்கு ஒன்று. அந்த ஆங்கிலத்தைப் பார்த்தே பயந்திருப்பார்கள். அலுவலகத்தில் என் எழுத்தை யாரும் மதிக்காத காலம் அது, அந்த எழுத்து முழுவதையும் உன் நெற்றியில் இறக்கிவைத்தேன். நீ சொன்ன பதில் மட்டும் அந்த ஐந்து பக்கத்தில் எங்கேயும் இல்லை. இருந்தால் மனு நிற்காது.

மனு நின்றது. அறிவிப்புப் பலகையில் ஒட்டினார்கள். இந்து மாணவிகள் சமயக் காரணத்துக்காகப் பொட்டு வைக்கலாம். வட்டமாக, கறுப்பு அல்லது சிவப்பு. மற்ற மாணவிகளுக்கு அனுமதியில்லை. எனக்கு வாழ்க்கையில் கிடைத்த வெற்றிகள் குறைவு, அதனால் கிடைத்ததைக் கொண்டாடத் தெரியும். சனிக்கிழமை உன்னையும் அம்மாவையும் பிரிக்பீல்ட்ஸுக்கு வாழையிலைச் சாப்பாட்டுக்கு அழைத்துப் போனேன், நான் அவமானப்பட்ட பள்ளிக்கு இரண்டு தெரு தள்ளி. இலை போட்ட பிறகுதான் உன் முகத்தைச் சரியாகப் பார்த்தேன். நெற்றி வெறுமையாக இருந்தது.

“பொட்டு எங்க?”

“அது உங்க பொட்டுப்பா. நீங்களே வச்சுக்குங்க.”

சோற்று வாளியோடு நின்ற அண்ணன் என்னையும் உன்னையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு, “சாரு, சாம்பாரா, மீன் குழம்பா? சூடு ஆறுது” என்றார். நான் மீன் குழம்பு என்றேன். சனிக்கிழமைகளில் நான் சைவம் என்பதுகூட மறந்துவிட்டது. அதன் பிறகு ஐந்தாம் படிவம் முடியும்வரை நீ பள்ளிக்குப் பொட்டு வைத்துக்கொண்டு போகவில்லை. கோயிலுக்கு வைத்தாய், கல்யாணத்துக்கு வைத்தாய், பள்ளிக்கு இல்லை. நான் அதை வயசுத் திமிர் என்று முடிவு செய்தேன். நான் சண்டைபோட்டு வாங்கிக் கொடுத்ததைத் தூக்கி எறிகிறவள் என்று உன்மேலும் ஒரு கோபத்தைச் சேர்த்துவைத்தேன். நாம் இருவரும் உடையைப் பற்றிப் பேசுவது அன்றோடு நின்றது. வேறு விஷயங்களைப் பேசுவதும் கொஞ்சம் கொஞ்சமாக நின்றது. என் பக்கத்திலிருந்து கதை இவ்வளவுதான்.

இனி அம்மா சொன்னது. “மற்ற மாணவிகளுக்கு அனுமதியில்லை” என்ற வரியை நான் எத்தனையோ தடவை படித்தேன், அந்த மற்ற மாணவி யார் என்று ஒருமுறைகூட யோசிக்கவில்லை. ஸ்டெல்லா வீட்டில் எல்லோரும் பொட்டு வைப்பார்கள். மாதா கோயிலுக்குப் போகும்போதும் அவள் அம்மா நெற்றியில் சிவப்பு வட்டம் இருக்கும். நம் தீபாவளிக்கு வந்தபோது நானே பார்த்திருக்கிறேன். அறிவிப்பு ஒட்டிய மறுநாள் காலை, தடை நீங்கிவிட்டது என்று நீங்கள் இருவரும் பொட்டோடு போனபோது, வகுப்பு ஆசிரியை அவளைப் பேர் சொல்லி எழுப்பி, நீ கிறிஸ்தவப் பெண்தானே, உனக்குப் பொருந்தாது, துடைத்துவிடு என்றாராம். அவள் எழுந்து நின்று கைக்குட்டையால் துடைத்திருக்கிறாள். பக்கத்து நாற்காலியில் இருந்த நீ, உனக்கு இப்போது சட்டப்படி உரிமையாகிவிட்ட பொட்டை, நகத்தால் எடுத்து நோட்டுப் புத்தகத்தின் ஓரத்தில் ஒட்டிவிட்டாய். முன்பு அழகுக்கு என்று இருவரும் ஒன்றாகச் சொன்னீர்கள், இருவருக்கும் ஒன்றாகத் தடை வந்தது. நான் குறுக்கே வந்து உன்னை மட்டும் பிரித்தெடுத்தேன். ஒரு கிறிஸ்தவ வாத்தியார் என் நெற்றியைத் துடைத்ததற்கு, அவரை அறியவே அறியாத ஒரு கிறிஸ்தவப் பெண் பதில் சொல்ல வேண்டியதாயிற்று. துணிக்கட்டை என் கைக்கு வந்திருந்தது, எனக்கே தெரியாமல்.

அந்த ஆண்டுப் பரிசளிப்பு விழா உனக்கு ஞாபகமிருக்கும். நீயும் ஸ்டெல்லாவும் இன்னும் சில பெண்களும் கும்மி ஆடினீர்கள். மேடையில் உங்கள் இருவர் நெற்றியிலும் நீலப் பொட்டு மின்னியது. நான் அம்மாவின் கையை இடித்து, “பாத்தியா, வழிக்கு வந்துட்டா” என்றேன். அம்மா மேடையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். திரைக்குப் பின்னால் நடந்தது அவளுக்கு அன்றே தெரியுமாம். ஜமிலா டீச்சர் உங்கள் இருவரையும் ஓரமாக அழைத்து, வாசலில் உன்னிடம் வாங்கிய அதே ஸ்டிக்கர் அட்டையைக் கைப்பையிலிருந்து எடுத்திருக்கிறார். வாங்கிய பிறகு ஒன்றுகூடக் குறையவில்லை. “இது மேடை. மேடையில அழகுக்குத் தடை இல்ல” என்று சொல்லி, முதலில் ஸ்டெல்லாவிடம் நீட்டினாராம். பிறகு தன் துடோங்கைச் சரிசெய்துகொண்டே, “நான் இதப் போட்டுக்கிட்டு வந்தப்போ என்னையும் கேட்டாங்க, சமயமா நாகரிகமான்னு. சமயம்னு சொன்னேன். உண்மைதான். ஆனா இந்தக் கலரும் எனக்குப் பிடிச்சிருந்துச்சு. அத யார்கிட்டயும் சொல்லல” என்றாராம். நீங்கள் மூவரும் அங்கே நின்று சிரித்ததை எண்ணிப் பார்க்கிறேன். நான் அந்த நேரம் முன்வரிசையில் நாற்காலி கிடைக்கவில்லை என்று யாரையோ திட்டிக்கொண்டிருந்திருப்பேன்.

விழா முடிந்து தேநீர் கொடுத்தபோது ஜமிலா டீச்சர் என்னைத் தேடி வந்தார். நான் முகத்தைத் திருப்பப் போனேன். அவர் மெதுவாக, மலாயில் மரியாதையோடு, “என்சேக், உங்க மகளுக்குப் பொய் சொல்லத் தெரியாது” என்றார். குத்திக்காட்டுகிறார் என்றுதான் எடுத்துக்கொண்டேன். ஐந்து பக்கம் பொய் எழுதியவன் நீ என்று சொல்கிறார் என்று நினைத்தேன். கோப்பையை வைத்துவிட்டு நடந்தேன். பன்னிரண்டு வருடம் அந்த வாக்கியத்தை ஓர் அவமானமாகப் பத்திரப்படுத்தியிருந்தேன். நம் பிள்ளையைப் பற்றி ஓர் ஆசிரியை சொல்லக்கூடிய மிகப் பெரிய வார்த்தை அது, நேரில் வந்து சொல்லியிருக்கிறார். அவர் இப்போது எந்த ஊரில் இருக்கிறாரோ தெரியாது. இது அவர் கண்ணில் படாது, பட்டாலும் படிக்கத் தெரியாது. ஆனாலும் அவருக்கு என் நன்றியை இங்கே எழுதிவைக்கிறேன். ஸ்டெல்லாவுக்கு நன்றி போதாது. அவளுக்கு நான் சொல்ல வேண்டியது வேறு சொல். அவள் தமிழ் படிப்பாள். எங்காவது ஒரு ஞாயிற்றுக்கிழமை இதைப் படித்து, இது என் கதை மாதிரி இருக்கிறதே என்று நினைத்தால், ஆமாம் அம்மா, உன் கதைதான். உன் நெற்றியைத் துடைக்க வைத்தவன் நான்தான். மன்னித்துக்கொள். மன்னிக்கத் தெரியாத ஒருவன் கேட்கிறான் என்பதால் உனக்குச் சிரிப்பு வந்தாலும் பரவாயில்லை.

மகளே, இவ்வளவும் எழுதிவிட்டு உனக்கு அறிவுரை சொல்லாமல் விட்டால் அது நான் எழுதியதே இல்லை என்று நினைப்பாய். ஒன்று சொல்கிறேன். நம்மைப் போன்றவர்கள் இந்த நாட்டில் எதைக் கேட்டாலும் சாமியின் பெயரால் கேட்கப் பழகிவிட்டோம், அப்படிக் கேட்டால்தான் கதவு திறக்கிறது என்பதால். திறக்கிறது, பொய்யில்லை. ஆனால் அந்தக் கதவு அளவுபார்த்துத்தான் திறக்கிறது. வட்டம், கறுப்பு, சிவப்பு, இன்னார் மட்டும். உள்ளே போனவர்கள் அதன்பிறகு அந்த அளவிலேயே இருக்கவேண்டியதுதான். எனக்குப் பிடித்திருக்கிறது என்று சொல்லிக்கொண்டு நிற்கிறவளுக்கு எந்தக் கதவும் இல்லை. ஆனால் என் அனுபவத்தில், தான் யார் என்பதை நன்றாகத் தெரிந்துகொண்டு நின்றவள் அவள்தான். நீலப் பொட்டும் மலாய் உடுப்புமாக நீ படியிறங்கிப் போன காலையில் உன்னிடம் குழப்பம் எதுவும் இருக்கவில்லை. குழப்பம் எல்லாம் என்னிடம் இருந்தது. எங்களுக்கு உடுப்பு ஒரு கோட்டை, யாராவது வந்து பிடித்துவிடுவார்கள் என்று இராத்தூக்கம் இல்லாமல் காவல் காத்தோம். நீ அதை உடுத்திக்கொண்டாய், அவ்வளவுதான். அதை எனக்குக் காட்டியதற்கு இரண்டாவது நன்றி.

அந்த லோரிக்காரரின் மகளுக்கு என்ன செய்ய வேண்டும் என்று நான் சொல்லப்போவதில்லை. சொல்ல எனக்கு ஆசையில்லாமல் இல்லை. தொலைபேசியை வைத்த கணத்திலேயே முதல் பத்தி ஆங்கிலத்தில் மனதில் ஓடிவிட்டது, நல்ல பத்தி. உன் தலைமையாசிரியர் இரண்டுமுறை படித்திருப்பார். ஆனால் நான் அனுப்பினால் கூட்டத்தில் நீ எழுந்து பேசும்போது, இது டீச்சரின் அப்பா எழுதியது என்றுதான் காதில் விழும். நீ அவளுக்காகப் பேசினாலும் அது என் மூக்குத்தி ஆகிவிடும், அவள் கழற்றித்தான் ஆகவேண்டும் என்று நீ முடிவு செய்தாலும் என்மேலுள்ள கோபத்தில் செய்ததாகிவிடும். ஒருமுறை உன் நெற்றியை எடுத்துக்கொண்டேன். உன் வாயையும் எடுத்துக்கொள்ள எனக்கு விருப்பமில்லை. ஒன்று மட்டும் நினைவில் வை. அவள் எந்தக் கடிதமும் இல்லாமல் உன் முன்னால் நின்று உண்மையைச் சொல்லியிருக்கிறாள். அதை ஒருவர் கேட்டார் என்பது அவளுக்குத் தெரியவேண்டும், முடிவு எதுவானாலும்.

அடுத்த ஆண்டு எனக்கு ஐம்பத்தைந்து. ஓய்வு கொடுத்து, ஒரு கைக்கடிகாரமும் கொடுத்து அனுப்புவார்கள். நான் கற்றுக்கொடுத்த அந்தப் பையன்தான் உரையாற்றுவான், என் பெயரைத் தப்பாக உச்சரிப்பான். அதையும் மனதில் வைத்துக்கொள்வேன். நான் மாறிவிட்டேன் என்று உன்னிடம் யாராவது சொன்னால் நம்பாதே. என் கணக்கில் நான் தப்பாக எழுதிவைத்திருந்த சிலரை மட்டும் இந்த வாரம் அடித்து நீக்கியிருக்கிறேன். பாய், ஜமிலா டீச்சர், நீ. மற்றவர்கள் அப்படியே இருக்கிறார்கள்.

இந்தக் கடிதத்தை உனக்கு அனுப்பவில்லை. நீ வாங்கும் ஞாயிற்றுப் பதிப்புக்கு, பெற்றோர் கடிதங்கள் போடும் பக்கத்துக்கு அனுப்புகிறேன். போட்டால் அடுத்த வாரம் போடுவார்கள், அதற்குள் உன் திங்கட்கிழமை முடிந்திருக்கும். நீ என்ன பேசினாய் என்பது எனக்குத் தெரியாமலே இது அச்சாகும், நான் என்ன நினைக்கிறேன் என்பது உனக்குத் தெரியாமலே நீ பேசியிருப்பாய். அதுதான் சரி. கீழே வந்ததும் கை பழக்கத்தில் என் பெயரின் முதல் எழுத்தை எழுதிவிட்டது, அதற்குப் பின்னால் பி.ஏ.வும் வரிசையில் நிற்கிறது. வாழ்நாளில் நான் கையெழுத்துப் போடாமல் ஒரு தாளையும் வெளியே அனுப்பியதில்லை. அந்த எழுத்தை அடித்துவிட்டு, தாளின் அடிப்பகுதியை அளவுகோல் வைத்துக் கிழித்துவிட்டேன். அம்மா கடைக்குப் போகிறாள், வழியில் தபால்பெட்டி இருக்கிறது. “பேர் போடலயா?” என்று கேட்டாள். படிக்க வேண்டியவளுக்குத் தெரியும் என்றேன். அவள் உறையைக் கையில் வைத்துக்கொண்டு, நான் இந்த வரியை முடிப்பதற்குள் கண்ணாடியில் ஒருமுறை பொட்டைச் சரிபார்க்கிறாள்.